பிளேடு அகலத் தேர்வுக் குழுவின் பத்து மாதங்கள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரியவனா, சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரியவனா என்று உலகம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருமே அவசரக்குடுக்கைகள் என்பதுதான் உண்மை. ஒரு குழு உண்டா, கூட்டம் உண்டா, கூட்டத்துக்குக் குறிப்பு உண்டா? கையில் கிடைத்ததை எடுத்து உரசினான், பற்றிக்கொண்டது. உருட்டினான், ஓடியது. இதற்குப் பெயர் சாதனையா? தீர ஆராய்ந்து, கலந்து பேசி, எதையும் அவசரப்பட்டுச் செய்து தொலைத்துவிடாமல் ஒரு முடிவை எட்டிய மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் நம் கண்காணிப்பாளரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ரம்ப மெஷினுக்கு எத்தனை அகலத்தில் பிளேடு போடுவது என்பதைப் பத்தே மாதங்களில் தேர்ந்தெடுத்தவர் அவர்.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர். அந்த அலுவலகம் எதற்காக இருந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்கே சரியாக நினைவில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு தவறான முடிவுகூட வெளியே போனதில்லை. சரியான முடிவும் போனதில்லை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், விட்டுத் தள்ளுங்கள். ஓய்வுபெற்ற மறுநாளே அவர் வீட்டின் கூடத்தைக் "கூட்ட அறை" என்று அறிவித்தார். நீளமான குறிப்பேடு ஒன்று வாங்கினார். ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்குக் கூட்டம். உறுப்பினர்கள் நான்கு பேர்: அவர், அவருடைய மனைவி, வெளியூரில் இருக்கும் மகள், மாப்பிள்ளை. கடைசி இரண்டு பேரும் ஃபோன் திரையில் வருவார்கள். யாரும் எதுவும் பேசாவிட்டால் தீர்மானம் நிறைவேறியது என்று அர்த்தம். சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி ஆறு பக்கக் குறிப்பு இருக்கிறது. குழாயும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று அந்தத் தெருவில் அவள் கை படாத துணி கிடையாது. மேசை கொஞ்சம் உயரம், முழங்கை வைக்க இடமில்லை, இரண்டு கையும் காலையிலிருந்து மாலை வரை அந்தரத்தில் நிற்கும். வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. முதலில் தைலம் தடவினாள், அப்புறம் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் தோளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார். ஒன்றரை அடிப் பலகை. உடம்பு நுழைகிற மாதிரி நடுவில் அரைநிலா வெட்டு. முழங்கையில் குத்தாமல் இருக்க மூலைகள் எலுமிச்சம்பழத்தைப் போல உருண்டை.

"இதை மேசை விளிம்புல மாட்டி, ரெண்டு முழங்கையும் மேல வெச்சுத் தைங்கம்மா. மூணு மாசத்துக்குள்ள செஞ்சிடுங்க. அசட்டையா விட்டீங்கன்னா தோள் இறுகிப் போயிடும். அப்புறம் கை மேல போகாது."

தெருமுனைத் தச்சர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷ வேலை சார். பலகையைக் குடுங்க, கை ரம்பத்துல இழுத்துடறேன்" என்றார். கண்காணிப்பாளர் ஒரு புன்னகை புரிந்தார். மனுவே இல்லாமல் உள்ளே வந்துவிட்டவர்களுக்காக முப்பத்து நான்கு வருடம் அவர் பயன்படுத்திய புன்னகை அது.

"வேணாம்ப்பா. என் வீட்டுக்காரிக்கு நானே என் கையால செஞ்சு குடுக்கப் போறேன்."

இதைக் கேட்டு மனைவிக்குக் கண் கலங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் கையால் அவளுக்கு ஒரு ஆணிகூட அடித்துக் கொடுத்ததில்லை. அன்று டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். அவருக்கு மனைவி மேல் பிரியம் இல்லை என்று எவனாவது சொன்னால் நாமே சண்டைக்குப் போவோம். பிரியம் ஏராளமாக இருந்தது. அதை முறைப்படி செலுத்த வேண்டும் என்றுதான் நினைத்தார்.

அடுத்த வாரம் மெஷின் வந்து இறங்கியது. மேசை மேலேயே வைத்துக்கொள்ளக்கூடிய சின்ன பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றித் தையல் மெஷின் பெல்ட்டைப் போல ஓடும் பல் வைத்த பிளேடு. மனைவி மெஷினின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பிளேடு போட்டே வந்திருக்குங்க. இப்பவே வெட்டிடலாம் போல" என்றாள்.

"இதை யார் தேர்ந்தெடுத்தாங்க?"

"கம்பெனியில போட்டிருப்பாங்க."

"எந்தத் தீர்மானத்தின் பேர்ல போட்டாங்க?"

பணிக்காலம் முழுக்கத் தற்காலிக நியமனங்களை எதிர்த்துப் போராடிய மனிதர் தம் சொந்த வீட்டில் ஒன்றை அனுமதிப்பாரா? பிளேடைக் கழற்றினார். சுருட்டினார். பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே "தற்காலிகம்" என்று எழுதிச் சட்டை அலமாரியில் வைத்தார். அதன் அகலம் என்ன என்று அளக்கவில்லை. தற்காலிகமானவற்றை அளப்பது வழக்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே "பிளேடு அகலத் தேர்வுக் குழு" அமைந்தது. கண்காணிப்பாளர் தலைவர். பதினோரு வீடியோ பார்த்திருந்ததால் மாப்பிள்ளை தொழில்நுட்ப உறுப்பினர். மகள் செயலாளர். மனைவி "பயனாளி".

மாப்பிள்ளை திரையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாமா, விஷயம் ரொம்ப சிம்பிள். அகலமான பிளேடு நேராப் போகும், ஆனா வளையாது. ஒல்லியானது நல்லா வளையும், ஆனா நேராப் போகாது."

"ரெண்டையும் செய்யறது எது?"

"அதைத்தான் மாமா உலகமே தேடிக்கிட்டு இருக்கு."

கண்காணிப்பாளர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. உலகமே தேடிக்கொண்டிருப்பது தம் வீட்டுக் கூடத்தில் கிடைக்கப் போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மெஷினோடு வந்த கையேட்டை எடுத்தார். "அதிகபட்ச அகலம்: அரை இஞ்ச்" என்று ஓரிடத்தில் அச்சிட்டிருந்தது. அவர் அதற்கு மேல் படிக்கவில்லை.

"அரை இஞ்சே வாங்கிடுவோம்."

"அவ்வளவு பெருசு எதுக்கு மாமா? அது அதிகபட்சம்தானே?"

"மாப்பிள்ளை, அனுமதிச்ச வரம்பை முழுசாப் பயன்படுத்தலைன்னா அடுத்த வருஷம் குறைச்சிடுவாங்க."

யார் குறைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

இவ்வாறாக அரை இஞ்ச் காலம் பிறந்தது. அரை இஞ்ச் பிளேடு கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதைச் சின்னச் சக்கரங்களில் ஏற்றி முறுக்கியபோது மெஷினின் முதுகெலும்பு கிறீச்சிட்டது. அவர் அதை ஆரம்பகாலத் தயக்கம் என்று குறித்துக்கொண்டார். ஒரு துண்டுப் பலகையில் நேர்கோடு வெட்டிப் பார்த்தார். கோடு பிசகாமல் போனது. உற்சாகத்தில் அடுத்த நான்கு வாரமும் நேர்கோடுகளாகவே வெட்டினார். வீட்டில் நேர்கோடு தேவைப்படும் பொருள் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் முப்பது பலகைகள் நேராக்கப்பட்டன.

"என்னங்க, டாக்டர் போட்டது வளைவாச்சே" என்று மனைவி ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வளைவு இரண்டாம் கட்டம்மா. அஸ்திவாரம் பலமா இருக்கட்டும்."

இரண்டாம் கட்டமும் வந்தது. எலுமிச்சை அளவு மூலையில் அரை இஞ்ச் பிளேடைத் திருப்பினார். அது திரும்பவில்லை. அழுத்தினார். பிளேடு வெட்டில் இறுகியது, பலகை கருகியது, புகை வந்தது, மோட்டார் உறுமியது. ஒரு சத்தத்தோடு பிளேடு சக்கரத்திலிருந்து கழன்று மெஷின் கதவுக்குள் சுருண்டு விழுந்தது. கண்காணிப்பாளர் மெஷினை அணைத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்: "வளைவைப் பொறுத்தவரை பிளேடின் ஒத்துழைப்பு திருப்திகரமாக இல்லை."

இந்தக் காலத்தில் வீட்டில் வேறொரு முன்னேற்றமும் நடந்தது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த நூல்கண்டுகள் நடுத்தட்டுக்கு இறங்கின. சமையலறையில் மேலே இருந்த டப்பாக்கள் எல்லாம் தரைக்கு வந்தன. துணி காயப்போடும் கொடி இடுப்பளவுக்குத் தாழ்ந்தது. கண்காணிப்பாளர் குனிந்து அதன் கீழே போகும்போதெல்லாம் மனைவியின் நிர்வாகத் திறமையை மெச்சிக்கொண்டார். தாமாகவே முன்வந்து மறுசீரமைப்பு செய்யும் ஊழியர்கள் அலுவலகத்தில் அவருக்கு வாய்த்ததே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். இது சாமானியமான காரியமில்லை. "அதிகபட்சம் சரிப்படலை. அதனால, குறைந்தபட்சம்" என்றார். சிக்கன நடவடிக்கைகளில் நல்ல அனுபவம் உள்ளவர். அரைக்கால் இஞ்ச், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு பிளேடு வந்தது. குச்சி ஐஸைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடிக்கலாம், அவ்வளவு ஒல்லி. வளைவென்றால் வளைவு, அப்படியொரு வளைவு! பூவாக வெட்டினார். மீனாக வெட்டினார். மகளுடைய பெயரின் முதல் எழுத்தை வெட்டித் திரையில் காட்டினார், மாப்பிள்ளை கைதட்டினார். அரைநிலாப் பலகையின் வெளி விளிம்புக்கு ஒரே ஒரு நேர்கோடு வெட்ட வேண்டியிருந்தது. பிளேடு பள்ளி விட்டு வருகிற பிள்ளையைப் போல அங்கே இங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. அவர் அதை ஒழுங்குபடுத்தப் பலகையை அழுத்தித் தள்ளினார். டக்கென்று அறுந்தது. இன்னொன்று வாங்கினார், அதுவும் அறுந்தது. ஏழு அறுந்தன.

மனைவி தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டது அப்போதுதான்.

"அட, நல்லாயிருக்கே. மாடர்ன் ஆயிட்டே" என்றார் கண்காணிப்பாளர்.

"பின்ன முடியலைங்க. கை பின்னால போக மாட்டேங்குது."

"எல்லாம் சரியாயிடும். அந்தப் பலகை மட்டும் வந்துடட்டும்."

அவள் மேசையில் பழைய பிஸ்கட் டின் மேல் ஒரு தலையணையை மடித்து வைத்து, அதன் மேல் முழங்கையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டின் வழுக்கும். வழுக்கும்போதெல்லாம் தையல் கோணும், பிரித்துத் திரும்பவும் தைப்பாள். இரண்டு நாளில் முடிகிற திரைச்சீலைக்கு ஒரு வாரம் ஆயிற்று. தெருக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு தையற்கடையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஒரு கூட்டத்தில் வாய் திறந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாங்க? மெல்லிசுத் துணின்னா நான் ஒல்லி ஊசி போடறேன். கெட்டித் துணின்னா தடி ஊசி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாத்தறேன். நீங்களும் நேருக்கு ஒண்ணு, வளைவுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டு வெட்டிடுங்களேன்."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். திரையில் மாப்பிள்ளை அப்படியே உறைந்து நின்றார். உண்மையில் அவருடைய இணைப்பு நின்றுபோயிருந்தது.

"நீ சொல்றது வசதி" என்றார் கண்காணிப்பாளர், குரலில் மிகுந்த கனிவோடு. "நாம இங்க தேடறது கொள்கை."

கொள்கையும் கிடைத்தது. அரை இஞ்ச் அதிகம், அரைக்கால் இஞ்ச் குறைவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தீர்ந்தது! பதினாறில் ஐந்து பாகம். சர்ச்சைக்குரிய எல்லா விஷயங்களையும் அவர் அலுவலகத்தில் இப்படித்தான் தீர்த்து வைப்பார். ஒருவன் மேற்கே பாலம் கேட்டு இன்னொருவன் கிழக்கே கேட்டால், பாலம் நடுவில் போகும். அங்கே ஆறு இருக்கிறதா என்பது வேறு துறை.

பிளேடு கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மரவேலைக்காரர்கள் கணக்கில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல்.

"சார், ரெண்டு நூல் இருக்கு. மூணு நூல் இருக்கு. ரெண்டரை நூல் யாரும் பண்றதில்லை."

"ஏன் பண்றதில்லை?"

"யாரும் கேக்கறதில்லை சார்."

"நான் கேக்கறேனே."

"நீங்க ஒருத்தர்தான் சார்."

கண்காணிப்பாளர் இதற்கெல்லாம் கலங்குகிறவரா? பிளேடு தயாரிக்கும் மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். நினைவூட்டல் எழுதினார். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். இப்படி நான்கு மாதங்கள் போயின. அந்த நான்கு மாதமும் மெஷினின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அந்த உறையைத் தைத்தவள் மனைவிதான். அது மட்டும் ஒரே வாரத்தில் முடிந்தது.

நான்காவது மாத முடிவில் ஒரு கம்பெனியிலிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது. "தங்கள் மெஷினில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்த பிளேடு தங்கள் தேவைக்குப் போதுமானது." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கண்காணிப்பாளர் அலமாரியிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார். கூட்ட அறையில் வைத்து, முறைப்படி, ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தார். பிளேடை வெளியே எடுத்து அளவுகோலை வைத்தார். கால் இஞ்ச். தச்சர் கணக்கில் இரண்டு நூல். எலுமிச்சை அளவு மூலையில் திரும்பக்கூடியது, ஓரளவு நேராகவும் போகக்கூடியது, சின்னச் சக்கரத்துக்கு நோகாதது. உலகமே தேடியது பத்து மாதமாகச் சட்டை அலமாரியில் சுருண்டு கிடந்திருக்கிறது.

சாதாரண ஆளாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பான். கண்காணிப்பாளர் வெட்கப்படவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் அது எவனோ மாட்டிவிட்டுப் போன பிளேடு. இப்போதோ அதிகபட்சத்தை நிராகரித்து, குறைந்தபட்சத்தை நிராகரித்து, சராசரியையும் நிராகரித்துத் தேறி வந்த பிளேடு. ஒரே பிளேடுதான், அந்தஸ்து வேறு. உறையின் மேல் "தற்காலிகம்" என்பதை அடித்துவிட்டு "நிரந்தரம்" என்று எழுதினார். சிறப்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பினார்.

ஞாயிறு காலை பத்து மணி. கண்காணிப்பாளர் சலவைச் சட்டை போட்டிருந்தார். திரையில் மின்விசிறி மட்டும்தான் தெரிகிறது என்று மகள் சொன்னதால், மனைவி இடது கையில் ஃபோனை வாங்கி எல்லோரும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து நின்று குழுவின் வரலாற்றை இருபது நிமிடம் வாசித்தார். அறுந்த பிளேடுகள் ஏழுக்கும் அஞ்சலி செலுத்தினார். மாப்பிள்ளையின் வீடியோப் பணியைப் பாராட்டினார்.

"மூணு நாள்ல பலகை ரெடியாயிடும்" என்றார் மனைவியைப் பார்த்து. அவர் குரல் தழுதழுத்தது. பொய்யில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. "உனக்காகத்தான் இவ்வளவும்."

"தெரியுங்க" என்றாள் அவள்.

"இது சாதாரணத் தீர்மானம் இல்லை. அதனால வழக்கம்போல யாரும் பேசலைன்னா நிறைவேறிடுச்சுன்னு விட முடியாது. முதல் தடவையா வாக்கெடுப்பு நடத்தப் போறோம்." குறிப்பேட்டில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தார். "கால் இஞ்சை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

திரையில் மாப்பிள்ளையின் கை உயர்ந்தது. மகளின் கை உயர்ந்தது. கண்காணிப்பாளர் தம் கையைக் கம்பீரமாக உயர்த்தி, தம்மையும் எண்ணிக்கொண்டார்.

"மூணு. பயனாளி?"

"எனக்கும் சம்மதம்தாங்க."

"வாய்மொழி செல்லாதும்மா. கை தூக்கணும்."

மனைவி தயங்கினாள். இடது கையில் ஃபோன். வலது கையை மடியிலிருந்து எடுத்தாள். அது மெல்ல எழுந்தது, மார்பு உயரத்துக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயன்றாள். தோளும் கூடவே தூக்கிக்கொண்டு வந்ததே தவிர, கை ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. ஃபோன் ஆடியது. திரையில் மகள் தன் கையைக் கீழே இறக்கினாள். "அம்மா" என்றாள்.

"அவ்வளவுதாங்க வருது" என்றாள் மனைவி. ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போலச் சிரித்தாள்.

கண்காணிப்பாளர் பேனாவோடு குனிந்தார். ஆதரவுக் கட்டத்தில் எழுத விதி இடம் கொடுக்கவில்லை. எதிர்ப்பு என்று எழுத மனம் வரவில்லை. நடுநிலை என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனவர், எழுதாமல் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். அது இன்னும் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, அவர் எண்ணுவதற்காக.

"எப்பத்துலேருந்து இப்படி?"

அவள் யோசித்தாள். மாதக் கணக்கு அவளுக்குச் சரியாக நினைவில்லை.

"நீங்க அரை இஞ்சுல இருந்தப்பவேங்க."